கப்பலும் இலக்குவனும்: நம் கடற்படையின் சொற்களும் மரபுகளும்



கடற்படையைப் பற்றிப் பேசுவதற்கு மொழியியல் கற்பித்த ஒருவரை அழைத்தது மன்றத்தாரின் துணிவு என்றே சொல்ல வேண்டும். நாம் கப்பல் செலுத்தியவர் அல்லோம். பினாங்கு பெர்ரியில் ஏறினாலே தலைசுற்றும் இயல்பினோம். ஆயினும் நமக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைத் தீர்க்கவே இந்த அழைப்பை ஏற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பேச்சுப்போட்டியில் நடுவராக அமர்ந்திருந்தோம். இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் மேடையேறினார். “மலாய்மொழியில் கப்பலுக்குப் பெயர் கப்பால். அது தமிழ்ச்சொல். இராசேந்திர சோழன் கப்பற்படை கொண்டு கடாரம் வந்தான். ஆகவே இந்நாட்டுக்குக் கப்பலைக் கொடுத்தவர் தமிழர், இந்நாட்டுக் கடற்படையின் தாய் தமிழ்” என்று முழங்கினார். அரங்கம் கைதட்டியது. நாமும் நல்ல புள்ளிகள் வழங்கினோம். வீடு திரும்பும் வழியில்தான் மனம் உறுத்தத் தொடங்கியது. அவர் சொன்ன முதல் இரண்டு செய்திகளும் மெய். பிழை முழுவதும் அந்த ‘ஆகவே’ என்னும் சொல்லில் இருந்தது. அந்தச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களுள் நாமும் ஒருவர். மலாய்மொழியிலுள்ள தமிழ்ச்சொற்களின் பட்டியலைப் பல்லாண்டுக் காலம் கரும்பலகையில் எழுதிப்போட்டோம். அப்பட்டியல் எதை மெய்ப்பிக்கிறது, எதை மெய்ப்பிக்கவில்லை என்று சொல்லாமலே மணியடித்ததும் வெளியேறினோம்.

இனிச் செய்திக்கு வருவோம். அரச மலேசியக் கடற்படையின் வரலாற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1934 ஏப்ரல் 27-ஆம் நாள் சிங்கப்பூரில் நீரிணைக் குடியேற்றங்களுக்கான தன்னார்வக் கடற்படை சேமப்பிரிவு தோன்றியது. அந்த நாளையே நம் கடற்படை இன்றளவும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. 1939-இல் பிரித்தானியக் கடற்படையில் மலாய்ப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின், 1947-இல், செலவைக் காரணம் காட்டி அதைக் கலைத்தார்கள். மறு ஆண்டிலேயே அவசரகாலம் வந்தது. கலைத்ததை மீண்டும் கூட்ட வேண்டியதாயிற்று. 1948 டிசம்பரில் மலாயாக் கடற்படைக்கான சட்டம் பிறந்தது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு பழைய வானொலி நிலையம் அதன் தளமாயிற்று. 1952-இல் ‘அரச’ என்னும் அடைமொழி வழங்கப்பட்டது. விடுதலைக்குப்பின், 1958-இல், படை மலாயா அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1963-இல் மலேசியா உருவானபோது இன்றைய பெயர் அமைந்தது. தலைமைத்தளம் பின்னர்ப் பேராக்கின் லுமுட்டுக்கு மாறியது. உட்லண்ட்ஸ் தளம் முற்றிலும் கைவிடப்பட்டது 1997-இல்தான். சிங்கப்பூர் தனிநாடான பின்னரும் முப்பதாண்டுகளுக்கு மேலாக நம் கடற்படை அண்டை நாட்டு மண்ணில் ஒரு தளம் வைத்திருந்தது என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார்.

அந்தப் படையின் பெயரையே மொழியியல் கண்கொண்டு பாருங்கள். தெந்தெரா லாவுட் டிராஜா மலேசியா. தெந்தெரா என்பது வடமொழித் தந்திரத்திலிருந்து வந்தது. தமிழ் அகராதிகளிலும் தந்திரம் என்பதற்குப் படை என்னும் பொருள் உண்டு. நாம்தான் அதை மறந்து, சூழ்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டோம். லாவுட் கலப்பற்ற மலாய்ச்சொல். டிராஜாவினுள் இருக்கும் அரசரை எல்லாரும் அறிவோம். படையின் முழக்கம் ‘செடியா பெர்கொர்பான்’, அதாவது தியாகத்துக்கு ஆயத்தம். இதில் கொர்பான் அரபுச்சொல். நம் தமிழ் முஸ்லிம்கள் குர்பான் என்று வழங்குவதும் அதுவே.

கப்பல்களின் பெயருக்கு முன்னே வருவது கே.டி. என்னும் சுருக்கம். இதைக் கேட்டால் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் வாய்க்குள் சிரிப்பார்கள். தமிழில் கேடி என்றால் போக்கிரி அல்லவா? காவல்துறைப் பதிவேட்டின் ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து அச்சொல் பிறந்தது என்பர். நம் கப்பலின் கே.டி. ‘கப்பால் டிராஜா’, அரசக் கப்பல் என்பதன் சுருக்கம். பிரித்தானியக் கப்பல்கள் ‘மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல்’ என்று பெயர் சூடிக்கொள்ளும் மரபின் மலாய் வடிவம் இது. புருணை நாட்டுக் கப்பல்களும் அவ்வாறே. இந்தோனேசியக் கப்பல்களின் முன்னொட்டிலும் கப்பால் உண்டு. ஆக, மூன்று நாடுகளின் போர்க்கப்பல்கள் தம் பெயருக்கு முன்னால் ஒரு தமிழ்ச்சொல்லைத் தாங்கிக் கடலில் செல்கின்றன. இது பெருமைக்குரிய செய்திதான். மறுக்கவில்லை.

ஆனால் இச்சொல் வருவதற்கு முன் மலாயர் எதில் ஏறிச் சென்றனர்? காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய மலாய் எழுத்துச்சான்றுகளுள் முதன்மையானது பலெம்பாங்கில் கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு. காலம் கி.பி. 682. அது சொல்லும் செய்தியே ஒரு கடற்பயணம்தான். தபுந்த ஹியாங் என்னும் தலைவர் பெரும்படையோடு கலமேறிச் சென்று வெற்றியோடு மீண்ட செய்தி. அங்குக் கலத்துக்கு வழங்கும் சொல் சாம்வௌ. கப்பால் அன்று. இத்தீவுகளின் மக்கள் பழங்காலத்திலேயே இந்துமாக்கடலைக் கடந்து மடகாஸ்கர் வரை சென்று குடியேறியிருந்தனர் என்பதை மலகாசி மொழியே இன்றும் சான்று பகர்கிறது. அம்மொழிக்கு மிக நெருங்கிய உறவு போர்னியோவில் இருக்கிறது. இத்தகைய மக்களுக்குக் கப்பல் கட்டத் தமிழர் கற்றுக்கொடுத்தனர் என்பது, மீனுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தோம் என்பது போன்றது.

கடன்சொல் என்பது ஆசிரியர் மாணவர் உறவுக்குச் சான்று அன்று. அண்டை வீட்டு உறவுக்குச் சான்று. துறைமுகத்தில் வந்து நின்ற பெருங்கலத்தை அதில் வந்தவர் எப்படி அழைத்தனரோ அப்படியே துறைமுகத்தாரும் அழைத்திருப்பர். நம் பக்கமும் அதுவே நடந்தது. சம்பான் என்னும் சிறுபடகின் பெயர் கிழக்கிலிருந்து தமிழுக்கு வந்தது. அதன் மூலம் சீனமொழி என்பர். தமிழகக் கரையில் வழங்கும் படவு என்னும் சொல்லும் மலாய்மொழியின் பெராஹுவும் உறவுடையவை என்று கருதுவோர் உண்டு. யார் யாரிடம் பெற்றனர் என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும், பக்கத்தில் மிதவைக்கட்டை பொருத்திய ஓடங்களின் அமைப்பு கிழக்குக் கடல்மக்களிடமிருந்து வந்தது என்று ஜேம்ஸ் ஹார்னல் என்னும் அறிஞர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். அந்த மாணவரின் ‘ஆகவே’யை நாம் ஏற்றுக்கொண்டால், இதே முறையில் தமிழ்க்கடற்கரையின் தாய் மலாய் என்றும் ஒருவர் முழங்கலாம்.

உண்மையில் இக்கடற்பரப்பின் சொற்கள் எந்த ஒரு மொழியின் வீட்டிலும் அடங்கவில்லை. மலாய் மரபில் கப்பல் தலைவன் நகோடா, பாரசீகச் சொல். மலாக்காக் கடற்சட்டத்தில் அவன் கப்பலுக்கு அரசனைப் போன்றவன்; சுக்கான் பிடிக்கும் ஜூருமூடி பெண்டஹாராவைப் போன்றவன்; நங்கூரத்துக்கும் ஆழம் பார்ப்பதற்கும் பொறுப்பான ஜூருபாத்து தெமெங்கோங்கைப் போன்றவன். கரையிலிருந்த அரசவை முழுவதும் கப்பலில் ஏறிக்கொண்டது போன்ற ஏற்பாடு அது. கப்பலாளுக்கு மலாயில் கெலாசி, தமிழில் கலாசி. வேலையாட்களின் தலைவனுக்கு மலாயில் செராங், தமிழில் சாரங்கு. நாம் சுக்கான் என்பதும் அரபுச்சொல்லே. இங்கு மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. நம் கடற்படையில் கே.டி. செராங் என்றொரு தாக்குதல் படகு உண்டு. அதற்கும் சாரங்குக்கும் தொடர்பில்லை. அது தாக்கு என்னும் பொருளுடைய வேறு மலாய்ச்சொல். ஒலி ஒன்றானால் உறவு ஒன்றாகிவிடாது.

ஆசிரியர்கள் நிறைந்த அவையில் சொல்லாமல் விடமுடியாத சொல் ஒன்றுண்டு. அது மாலுமி. தூய தமிழ்போல் ஒலிக்கும் இச்சொல் அரபுமொழியின் முஅல்லிம் என்பதன் திரிபு. மலாயில் அது மாலிம் ஆயிற்று. வழியறிந்து கலத்தைச் செலுத்துபவர் என்பது பொருள். அரபுமொழியில் முஅல்லிம் என்றால் ஆசிரியர்.

இனிப் படையின் பதவிப்பெயர்களுக்கு வருவோம். கீழ்ப்படியில் இருப்பவர் லஸ்கார். இது பாரசீகத்தில் படையைக் குறித்த சொல். ஐரோப்பியர் தம் கப்பல்களில் குறைந்த கூலிக்கு அமர்த்திய ஆசியக் கப்பலாட்களையும் இப்பெயராலேயே அழைத்தனர். நம் கடற்படை அச்சொல்லைத் தாழ்விலிருந்து மீட்டுச் சீருடை அணிவித்திருக்கிறது. அதற்கு மேல் பிந்தாரா. மலாய் அரசவையில் சுல்தானின் ஆணையை எடுத்துரைத்த அலுவலரின் பெயர். அதிகாரிகளின் வரிசையில் லெப்டெனான், கொமாண்டர், கெப்டன் என்று ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பெயர்கள் வருகின்றன. அவற்றையும் கடந்து உச்சிக்குச் சென்றால் அங்கு நிற்பவர் லக்சமானா. ஏணியின் ஒவ்வொரு படியும் ஒரு நூற்றாண்டைச் சொல்கிறது.

லக்சமானா என்பது இராமனின் தம்பி இலட்சுமணனின் பெயர். மலாக்கா அரசில் அது கடற்படைத் தலைவரின் பட்டமாயிற்று. அப்பட்டத்தால் புகழ்பெற்றவர் ஹங் துவா. இராமகதை மலாயிலும் ஹிக்காயாட் ஸ்ரீ ராமா என்று வழங்கியது. அண்ணனுக்காக உறக்கத்தையும் விட்டுக் காவல் நின்ற தம்பியின் பெயரை, அரசனுக்காகக் கடலில் காவல் நிற்பவனுக்குச் சூட்டிய மனம் எத்தகையது என்று எண்ணிப்பாருங்கள். ஆங்கிலத்தின் அட்மிரல் அரபுமொழியின் அமீரிலிருந்து வந்தது. அது தலைவன் என்று மட்டுமே சொல்கிறது. லக்சமானாவிலோ தொண்டு முதலில் நிற்கிறது. தமிழும் அதே பெயரைப் பெற்றது. இலக்குவன் என்று தன் ஒலிமரபுக்கு ஏற்பத் திரித்துக்கொண்டது. பெயரைப் பதவியாக்கும் எண்ணம் மலாய்மொழிக்குத்தான் தோன்றியது.

கப்பல்களுக்குப் பெயரிடும் மரபே நம் கடற்படையில் மிகச் செழுமையானது என்பது நம் கருத்து. ஒரு கப்பல் ஓய்வுபெறும், பெயர் ஓய்வுபெறாது. பிரித்தானியரிடம் பெற்ற கண்ணிவாரிக் கப்பல்கள் மகாமிரு, ஜெராய், லேடாங், கினபாலு என்று மலைகளின் பெயரைத் தாங்கின. அவை போனபின், 1985-இல் இத்தாலியில் கட்டப்பட்டு வந்த புதிய கப்பல்கள் அதே நான்கு பெயர்களையும் ஏற்றன. 1964-இல் பிரித்தானியக் கடற்படையிலிருந்து வந்த போர்க்கப்பல் ஒன்று முதல் கே.டி. ஹங் துவா ஆயிற்று. 1977-இல் வந்த மற்றொரு கப்பல் இரண்டாம் ஹங் துவா. இது முதலில் கானா நாட்டுக்கென்று கட்டப்பட்டது. அரசியல் மாற்றத்தால் அந்நாட்டுக்குப் போகாமல், பிரித்தானியரிடம் சிலகாலம் இருந்து, நம்மிடம் வந்து சேர்ந்தது. எங்கே பிறந்தாலும் பெயர் சூடியபின் நம் வீட்டுப் பிள்ளை.

ஹங் துவாவின் நான்கு தோழர்களும் கப்பல்களாயினர். 1984-இல் கஸ்தூரியும் லெக்கிரும் ஜெர்மனியிலிருந்தும், 1999-இல் ஜெபாட்டும் லெக்கியுவும் பிரித்தானியாவிலிருந்தும் வந்து படையில் இணைந்தன. இவற்றுள் ஜெபாட் என்னும் பெயர்தான் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. ஹிக்காயாட் ஹங் துவாவில், தோழன் பொய்க்குற்றச்சாட்டால் கொல்லப்பட்டான் என்று எண்ணிச் சுல்தானை எதிர்த்து அரண்மனையையே கைப்பற்றியவன் ஜெபாட். உயிரோடு மறைத்துவைக்கப்பட்டிருந்த துவாவே திரும்பி வந்து, அரசாணைக்குப் பணிந்து அவனைக் கொல்கிறான். செஜாரா மெலாயுவில் அந்தக் கலகக்காரன் கஸ்தூரி. எந்த நூலை நம்பினாலும், அரசுக்கு எதிராகக் குறுவாள் உருவிய ஒருவன் பெயரில் ஓர் அரசக் கப்பல் இருக்கிறது. கீழ்ப்படிதலையே உயிராகக் கொண்ட ஒரு படை, கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே கொடியின்கீழ் வைத்திருக்கிறது. அக்கொடியோ வெள்ளைநிறத்தது, மூலையில் தேசியக்கொடி, எதிர்ப்புறம் நங்கூரமும் குறுக்காக அமைந்த இரு கிரிஸ்களும். வெள்ளைக்கொடி ஆங்கிலேயர் மரபு, கிரிஸ் மலாயர் மரபு. விசுவாசத்துக்கும் நீதிக்கும் இடையே துவாவும் ஜெபாட்டும் எழுப்பிய வினா இன்றும் மலாய் இலக்கிய வகுப்புகளில் தீர்ந்தபாடில்லை. படை அதற்கு விடை சொல்லவில்லை; இருவருக்கும் கப்பல் கொடுத்தது. இதை அறிவு என்றே நாம் கருதுகிறோம்.

கரையிலுள்ள தளங்களையும் கப்பலென்றே அழைப்பது மற்றொரு மரபு. இதுவும் பிரித்தானியரிடமிருந்து வந்தது. லுமுட்டிலுள்ள பயிற்சி மையம் கே.டி. பெலாண்டோக். செங்கல்லும் சிமெண்டும் கொண்ட கட்டடங்கள்; ஆனாலும் அது கப்பல். பெலாண்டோக் என்றால் சருகுமான். பரமேசுவராவின் வேட்டைநாயை உதைத்துத் தள்ளி, மலாக்கா எழுவதற்குக் காரணமாயிற்று என்று கதை சொல்லும் அதே சிறுவிலங்கு. பயிற்சி பெறும் இளைஞர்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. 1972-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தின்படி அச்சொல்லை ஈற்றில் உகரம் வருமாறு பெலாண்டுக் என்று எழுத வேண்டும். கடற்படை பழைய ஒகரத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுத்துச் சீர்திருத்தம் கரை வரைக்கும்தான் போலும்.

மலைப்பெயர்களுள் ஜெராய் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். கெடாவின் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். வங்கக்கடலைக் கடந்து வந்த கலங்களுக்கு அதுவே கரை அண்மிய அடையாளம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. நம் கல்வெட்டுகள் கடாரம் என்று கூறும் நாடு அது. 1025-இல் இராசேந்திர சோழனின் படை அங்கு வந்தது மெய். கடாரங்கொண்டான் என்று அவன் பட்டம் சூடியதும் மெய். ஆனால் கெடாவில் பிறந்து, கெடாவின் பள்ளியில் படிக்கும் ஒரு தமிழ்ப்பிள்ளை அந்தப் பட்டத்தைச் சொல்லி மார்தட்டும்போது, அது எந்தக் கரையில் நிற்கிறது? கப்பலில் வந்தவரோடா, கப்பலைக் கண்டு அஞ்சிய ஊராரோடா? பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் மலாய் மாணவர்க்கு அந்தப் பட்டம் எப்படி ஒலிக்கும்? வரலாற்றை மறைக்கச் சொல்லவில்லை. கற்பிக்கும்போது இரு கரைகளிலிருந்தும் கற்பியுங்கள் என்கிறோம்.

அந்தப் பேச்சுப்போட்டி மாணவரின் உரையில் இராசேந்திரன் வந்தான். வரவேண்டிய வேறொருவர் வரவில்லை. 1967 டிசம்பர் வரை நம் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர்கள் பிரித்தானிய அதிகாரிகள். அந்த மாதம் அப்பொறுப்பை ஏற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம். டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர். அப்போது அவருக்கு வயது 31. 1976 இறுதி வரை, ஒன்பது ஆண்டுகள், அப்பொறுப்பில் இருந்தார். மலேசியாவின் கடற்படையை ஒரு தமிழர் உருவாக்கினார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மீண்டும் ‘ஆகவே’ வந்துவிடும். மலாயர், சீனர், தமிழர், சபா, சரவாக் மக்கள் எனப் பலரும் பணியாற்றிய படைக்கு, அதன் இளமையில், ஒரு தமிழ் இளைஞர் தலைமை தாங்கினார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய படையெடுப்பை அறிந்த மாணவர், தம் பாட்டனார் காலத்தில் நிகழ்ந்த இதை அறியவில்லை. குறை அவருடையதன்று.

அவர் எட்டிய பதவி லக்சமானா மூடா. ஆங்கிலத்தில் ரியர் அட்மிரல். மூடா என்றால் இளைய. நம் வைணவ மரபில் இலக்குவனுக்கு வழங்கும் பெயர் இளையபெருமாள். மலாய்மொழி பதவிநிலையைக் குறிக்கச் சேர்த்த அடையும், தமிழ் அன்பினால் சேர்த்த அடையும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இது தற்செயல்தான். இதிலிருந்து எந்தக் கொள்கையையும் நாம் நிறுவப் போவதில்லை. ஆனால் வகுப்பறையில் சொன்னால் மாணவர் மறக்கமாட்டார்.

இறுதியாக, ஒரு நடைமுறைச் சிக்கல். நம் நாளேடுகள் இப்பதவியை ஒருநாள் அட்மிரல் என்கின்றன. மறுநாள் கடற்படைத் தளபதி என்கின்றன. சிலபோது லக்ஸ்மணா என்று எழுதி, படிப்பவர் அதை ஓர் ஆளின் பெயரென எண்ணச் செய்கின்றன. நம் பரிந்துரை இது. நம் நாட்டு அதிகாரியைக் குறிக்குமிடத்து லக்சமானா என்றே எழுதலாம். முதல்முறை வரும்போது கடற்படைத் தலைமை அதிகாரி என்று விளக்கம் தரலாம். பிறநாட்டவர்க்கு அட்மிரல் போதும். கப்பல்களின் பெயரைத் தமிழாக்க வேண்டா, கே.டி. ஜெபாட் அப்படியே இருக்கட்டும். கே.டி. என்பதில் புள்ளிகளை மட்டும் தவறாமல் இடுங்கள். வேறு கருத்துடைய ஆசிரியர்கள் இதோ தொடங்கவிருக்கும் கலந்துரையாடலில் எடுத்துரைக்க வேண்டுகிறோம். திருத்திக்கொள்ள ஆயத்தமாகவே இருக்கிறோம்.